இருண்ட மாளிகையும் மறைக்கப்பட்ட சாட்சியமும்: மேலை இளையோர் புனைவில் நிறம், குடும்ப இரகசியம், சகோதரியர் பந்தம்

மேலைநாட்டுப் புனைகதை வகைகளுள் 'கோதிக்' என்னும் பெயரால் வழங்குவது ஒன்று. பாழடைந்த மாளிகை, பூட்டிய அறை, நள்ளிரவில் கேட்கும் காலடியோசை, பெட்டிக்குள் கிடைக்கும் பழைய கடிதம், இறந்துபோன ஒருவரின் தோற்றம் ஆகியவை இதன் வெளியடையாளங்கள். இவ்வடையாளங்களை மட்டும் கண்டு, 'இது பேய்க்கதை. வாலிபப் பருவத்தினரின் உள்ளத்தைக் கெடுப்பது' என்று ஒதுக்கிவிடுவோர் நம்மிடையே பலர். ஆயினும் நம் இல்லங்களிலும் கல்லூரிகளிலும் ஆங்கிலம் பயிலும் பெண்மக்கள் இவற்றை ஆர்வத்துடன் படித்து வருகின்றனர். அவர்கள் படிப்பது என்ன, அதில் அவர்களை ஈர்ப்பது எது, நம் மார்க்க நெறியில் நின்று அதனை எங்ஙனம் மதிப்பிடுவது என்பவற்றை ஆலிம்களும் பெற்றோரும் அறிந்திருத்தல் நலம். அவ்வறிமுகத்தைத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் பிறப்பும்

கோத்தியர் என்போர் உரோமப் பேரரசின் வீழ்ச்சிக் காலத்தில் அதனைத் தாக்கிய ஜெர்மானிய இனத்தார். இடைக்கால ஐரோப்பாவின் கூர்வளைவுக் கட்டடங்களைப் பிற்காலத்தார் 'நாகரிகமற்றவை' என்று இழிக்கக் கருதி, அவற்றுக்குக் கோத்தியரின் பெயரைச் சூட்டினர். 1764-ஆம் ஆண்டில் ஹொரேஸ் வால்போல் என்னும் ஆங்கிலப் பிரபு, 'ஒட்ரான்டோ கோட்டை' என்ற நாவலைப் பெயர் மறைத்து வெளியிட்டார். பழைய இத்தாலிய நூலொன்றின் மொழிபெயர்ப்பு என்றே முதற்பதிப்பில் அதனை அறிமுகம் செய்தார். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பில்தான் தம் பெயரை வெளிப்படுத்தி, 'ஒரு கோதிக் கதை' என்னும் துணைத்தலைப்பையும் சேர்த்தார். அன்றுமுதல் இப்பெயர் ஓர் இலக்கிய வகைக்கு உரியதாயிற்று.

அந்நாவலின் உட்கரு நம் கவனத்துக்குரியது. கோட்டையை ஆள்பவன் அதற்கு உரியவன் அல்லன். உண்மையான உரிமையாளரை அவனுடைய பாட்டன் நஞ்சிட்டுக் கொன்று சொத்தைக் கவர்ந்திருக்கிறான். அந்த அநீதியே கோட்டைக்குள் பேருருவங்களாகவும் அச்சங்களாகவும் திரும்பி வருகிறது. முறைகேடாகக் கைப்பற்றிய சொத்து, அதனை மறைத்த குடும்பம், மறைத்தது வெளிப்படும் நாள் ஆகிய மூன்றுமே இவ்வகைப் புனைவின் எலும்புக்கூடு. பேயும் இருளும் அதன்மேல் போர்த்திய ஆடை எனலாம்.

கலீஃபாவின் பெயரும் கரும்புத் தோட்டமும்

இவ்விலக்கிய வகைக்கும் முஸ்லிம் உலகுக்கும் இடையே தொடக்கத்திலேயே ஒரு தொடர்பு உண்டு. 1786-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த 'வதக்' என்னும் நாவலை வில்லியம் பெக்ஃபோர்டு பிரெஞ்சு மொழியில் எழுதியிருந்தார். அதன் தலைவன் அப்பாஸிய கலீஃபா அல்வாஸிக் பில்லாஹ். ஹாரூன் ரஷீதின் பேரரான இக்கலீஃபா ஹிஜ்ரி 227 முதல் 232 வரை ஆட்சி புரிந்தவர். வரலாற்றில் வாழ்ந்த அம்மனிதரைப் பெக்ஃபோர்டு ஷைத்தானுக்குத் தன்னை விற்றுவிட்ட கொடுங்கோலனாகச் சித்திரித்தார். பாலைவெளியில் வழிப்போக்கரைக் கெடுப்பதாக ஜாஹிலிய்யா அரபியர் நம்பிய 'கூல்' என்னும் சொல் ஆங்கிலத்தில் புகுந்ததும் இந்நூலின் வழியேதான். 'கூல்' என்று ஒன்றில்லை என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அண்ணலார் நீக்கிய அச்சத்தையே மேலைநாட்டார் இஸ்லாமிய நாகரிகத்தின் அடையாளம்போல் எடுத்தாண்டது வியப்பானதே.

அதனினும் பெரிய முரண் ஒன்றுண்டு. கலீஃபாவைக் கொடுங்கோலனாகத் தீட்டிய பெக்ஃபோர்டு, தம் காலத்து இங்கிலாந்தின் பெருஞ்செல்வர்களுள் ஒருவர். அச்செல்வம் ஜமைக்காத் தீவின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் சிந்திய வியர்வையிலும் இரத்தத்திலும் விளைந்தது. 1796-இல் 'துறவி' என்னும் புகழ்பெற்ற கோதிக் நாவலை வெளியிட்ட மாத்யூ லூயிஸ் என்பவரும் ஜமைக்காவில் அடிமைத் தோட்டங்களுக்கு உரிமையாளரே. அங்கிருந்து திரும்பும் வழியில் 1818-இல் கடலிலேயே அவர் இறந்தார். தூரத்துக் கோட்டைகளிலும் மடங்களிலும் கொடுமையைத் தேடிய இவ்வெழுத்தாளர்களின் சொந்தக் கணக்கேடுகளிலேயே கொடுமை இருந்தது. ஆகவே நிறவெறி என்பது இவ்விலக்கியத்தில் பிற்காலத்தார் கொண்டுவந்து சேர்த்த பொருளன்று. அடித்தளத்திலேயே புதைந்து கிடந்த ஒன்று.

மாடியறையில் அடைபட்டவள்

அப்புதையலை அறிந்தோ அறியாமலோ தொட்டுக்காட்டியது 1847-இல் ஷார்லட் ப்ரான்டி எழுதிய 'ஜேன் அயர்'. இளம்பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்துவரும் இந்நாவல் நம் நாட்டு ஆங்கில இலக்கிய மாணவியருக்கும் நன்கு அறிமுகமானது. பெற்றோரை இழந்த ஏழைப்பெண் ஜேன், ஒரு செல்வரின் மாளிகையில் ஆசிரியையாக அமர்கிறாள். அம்மாளிகையின் மூன்றாம் மாடியில் விளங்கா நகைப்பொலி கேட்கிறது. அங்கே அடைத்து வைக்கப்பட்டிருப்பவள் அச்செல்வரின் மனைவி பெர்த்தா. அவள் ஜமைக்காவின் ஸ்பானிஷ் டவுனைச் சேர்ந்தவள். 30,000 பவுன் சீதனத்துக்காக மணமுடிக்கப்பட்டவள். பின்னர்ப் பித்துப் பிடித்தவள் என்று உலகின் கண்ணிலிருந்து மறைக்கப்பட்டவள். நாவல் முழுவதிலும் அவள் தன் கதையைத் தானே சொல்வதற்கு ஒரு வாய்ப்பும் இல்லை.

ஏறத்தாழ 120 ஆண்டுகள் கழித்து, கரீபியக் கடலின் டொமினிக்காத் தீவில் பிறந்த ஜீன் ரீஸ் என்னும் எழுத்தாளர் அவ்வாய்ப்பை அவளுக்கு வழங்கினார். 1966-இல் வெளிவந்த 'அகன்ற சர்காசோ கடல்' என்னும் அவருடைய நாவலில் மாடியறைப் பெண்ணுக்கு அன்த்வானெத் என்னும் பெயரும், குழந்தைப் பருவமும், வீடு எரிந்த துயரமும் உண்டு. கணவன் அவளுடைய பெயரையே மாற்றி 'பெர்த்தா' என அழைக்கிறான். ஒருவருடைய பெயரைப் பறிப்பது அவருடைய வரலாற்றைப் பறிப்பதன் முதற்படி என்பதை இந்நாவல் உணர்த்துகிறது. அடிமை வணிகத்தின் கதையும் பெயர் பறிப்பில் தொடங்கியதே.

'ஜேன் அயர்' நாவலில் அதிகம் பேசப்படாத மற்றொரு பகுதி நமக்குச் சுவையானது. சிறிய தந்தையிடமிருந்து 20,000 பவுன் ஜேனுக்கு வாரிசுரிமையாகக் கிடைக்கிறது. தன்னை ஆதரித்த டயானா, மேரி ஆகிய இரு பெண்களும் அவர்களுடைய சகோதரனும் தனக்கு இரத்த உறவினர் என்பது அப்போதுதான் தெரியவருகிறது. உடனே ஜேன் அத்தொகையை நால்வருக்கும் ஐயாயிரமாகப் பகிர்ந்தளிக்கிறாள். செல்வத்தைவிடச் சகோதரியர் கிடைத்ததே அவளுக்குப் பெரும்பேறு. குடும்ப இரகசியம் ஒரு பெண்ணை அறையில் அடைக்கிறது. மற்றொரு குடும்ப இரகசியம் வெளிப்பட்டபோது ஓர் அநாதைக்கு உடன்பிறப்புகள் வாய்க்கின்றனர். இவ்விரு முனைகளுக்கும் இடையேதான் இன்றைய இளையோர் கோதிக் புனைவு இயங்குகிறது.

வர்ஜீனியா ஹாமில்டனின் இரு நூல்கள்

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் வர்ஜீனியா ஹாமில்டன் (1934-2002) இவ்வகையை இளையோருக்கென வடித்துத் தந்தவர்களுள் முதன்மையானவர். ஒஹாயோ மாநிலத்தின் எல்லோ ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் சிறுவயதில் வர்ஜீனியா மாநிலத்து அடிமைத் தளையிலிருந்து தப்பி அங்கு வந்தவர். அந்நினைவாகவே பேத்திக்கு அம்மாநிலத்தின் பெயர் இடப்பட்டது.

1968-இல் வெளிவந்த 'டைஸ் டிரியரின் வீடு' நாவலில், 13 வயதுத் தாமஸ் தன் குடும்பத்துடன் ஒஹாயோவில் ஒரு பழைய வீட்டில் குடியேறுகிறான். தப்பியோடும் அடிமைகளை இரகசியமாக வடக்கே அனுப்பிவைத்த மக்களின் வலைப்பின்னலுக்கு 'பாதாள இருப்புப்பாதை' என்று பெயர். அது உண்மையில் இரயிற்பாதை அன்று; வீடு வீடாக ஒளித்து, கை மாற்றிக் காத்த மனிதச் சங்கிலி. அச்சங்கிலியில் இவ்வீடும் ஒரு நிலையம். இதன் சுவர்களுக்குள் சுரங்க வழிகள் உள்ளன. கொலையுண்ட உரிமையாளரின் ஆவி உலவுவதாக ஊரார் நம்புகின்றனர். இங்கே இரகசிய வழி என்பது குற்றத்தை மறைக்கக் கட்டியதன்று. உயிரைக் காக்கக் கட்டியது. கோதிக் மரபின் சுரங்கத்தை ஹாமில்டன் இவ்வாறு தலைகீழாக்கிவிட்டார். நாவலின் தந்தை ஒரு வரலாற்றுப் பேராசிரியர் என்பதும் பொருத்தமே. மகனோ ஏட்டில் இல்லாத வரலாற்றைச் சுவரைத் தட்டித்தட்டிக் கண்டுபிடிக்கிறான்.

1982-இல் வந்த 'ஸ்வீட் விஸ்பர்ஸ், பிரதர் ரஷ்' இன்னும் ஆழமானது. 'ட்ரீ' என்று அழைக்கப்படும் 14 வயதுப் பெண், அறிவு வளர்ச்சி குன்றிய தன் அண்ணன் டாபைத் தனியே பராமரிக்கிறாள். தாய் வெளியூரில் செவிலித் தொழில் புரிந்து அவ்வப்போது பணத்துடன் வந்து செல்பவள். இறந்துபோன தாய்மாமன் ரஷ்ஷின் உருவம் அப்பெண்ணுக்குத் தோன்றுகிறது. அவ்வுருவின் கையிலுள்ள கண்ணாடி போன்ற ஒன்றின் வழியே தன் குடும்பத்தின் கடந்த காலத்தை அவள் காண்கிறாள். தான் உயிரினும் மேலாக நேசிக்கும் தாய், அண்ணனைக் குழந்தைப் பருவத்தில் அடித்தும் கட்டிவைத்தும் கொடுமை செய்தவள் என்பது அவளுக்குத் தெரியவருகிறது. தாய்வழி ஆண்களை வாட்டிய போர்ஃபிரியா என்னும் பரம்பரை நோய் பற்றியும் எவரும் பேசியதில்லை. அந்நோயின் பிடியில் டாப் இறந்துபோகிறான். தாய்மீது மகளுக்கு எழும் சினமும், அச்சினம் மெல்ல ஆறத் தொடங்குவதும் நூலின் பிற்பகுதி. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர்களுக்குரிய கொரெட்டா ஸ்காட் கிங் விருதை 1983-இல் பெற்ற இந்நாவல், தாயைக் கொடியவளாக ஒதுக்கிவிடவும் இல்லை, அவள் செய்ததை மூடிமறைக்கவும் இல்லை.

உடன்பிறந்தாளின் நிழல்

1987-இல் டோனி மாரிசன் எழுதிய 'பிலவ்டு' பெரியோருக்கான நாவலாயினும், அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் மேல்வகுப்புகளில் பாடமாக வைக்கப்பட்டு, தடைகளையும் சர்ச்சைகளையும் சந்தித்து வருவது. 1856-இல் கென்டக்கியிலிருந்து தப்பி ஒஹாயோ ஆற்றைக் கடந்த மார்கரெட் கார்னர் என்னும் அடிமைப்பெண், பிடிக்க வந்தவர்களைக் கண்டதும் தன் குழந்தை மீண்டும் அடிமையாவதைப் பொறாது அதனைக் கொன்ற உண்மை நிகழ்வே இதன் வித்து. கொலையுண்ட குழந்தையின் தங்கை டென்வர், இந்நாவலின் இளம்பெண். தாய் என்ன செய்தாள் என்பதை வீட்டில் எவரும் அவளுக்குக் கூறவில்லை. பள்ளித் தோழன் ஒருவன் கேட்ட கேள்வியால் அது அவள் காதில் விழ, அதன்பின் இரண்டாண்டுகள் அவளுக்குச் செவிப்புலனே அடைபட்டுவிடுகிறது. குடும்ப மௌனம் பிள்ளைகளின் உடலில் எவ்வாறு இறங்குகிறது என்பதற்கு இதனினும் கூர்மையான சித்திரம் அரிது.

இறந்த தமக்கை இளம்பெண் வடிவில் வீட்டுக்கு வந்தபோது, தனிமையில் வாடிய டென்வர் பேரன்போடு அவளை ஏற்கிறாள். ஆயின் அவ்வுருவம் தாயைச் சிறுகச் சிறுக உறிஞ்சுவதைக் கண்டதும், வாசலைத் தாண்டி ஊராரிடம் உதவி கேட்கத் துணிகிறாள். அண்டை வீட்டார் உணவு கொண்டுவந்து வைக்கின்றனர். முடிவில் முப்பது பெண்கள் திரண்டு அவ்வீட்டுக்கு வருகின்றனர். இரத்த உறவின் சகோதரித்துவம் தோற்ற இடத்தில் சமூகத்தின் சகோதரித்துவம் தாங்கிப்பிடிக்கிறது.

இம்மரபு இன்று பல நாட்டு வரலாறுகளுக்கும் பரவியுள்ளது. 2023-இல் ட்ராங் தான் ட்ரான் எழுதிய 'ஷி இஸ் எ ஹான்டிங்' நாவலில், அமெரிக்காவில் வளர்ந்த வியட்நாமியப் பெண் ஜேட், கல்லூரிச் செலவுக்கான பணத்துக்காகத் தங்கை லில்லியுடன் தலாத் மலைநகரில் தந்தை புதுப்பித்துவரும் பிரெஞ்சுக் குடியேற்றக் கால மாளிகைக்கு வருகிறாள். கனவில் தோன்றும் மணப்பெண் உருவமொன்று அவ்வீட்டில் எதையும் உண்ணாதே என எச்சரிக்கிறது. அம்மாளிகையில் அவர்களுடைய முன்னோர் பணியாளராய் இருந்த கதை மெல்ல வெளிவருகிறது. தங்கையைக் காப்பதே அக்காளின் முழுக்கவலை. இத்தகைய நூல்களில் நம் ஒழுக்க நெறியோடு பொருந்தாத பகுதிகளும் உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. ஆயினும், அடக்கியாண்டவரின் மாளிகையை அழகுபடுத்தி வாழ முயல்வோர் அதன் கணக்கையும் சேர்த்தே சுமக்க நேரும் என்னும் உண்மையை இந்நாவல் இளையோர்க்கு உணர்த்திவிடுகிறது.

புனைவன்று, கையெழுத்துப் பிரதி

இப்புனைவுகளில் பெட்டிக்குள் மறைந்திருக்கும் பழைய ஏடு ஒன்று அடிக்கடி இடம்பெறும். அமெரிக்க அடிமைமுறை வரலாற்றில் அத்தகைய ஏடுகள் உண்மையாகவே உண்டு. அவற்றுட் சில அரபு மொழியில் உள்ளன. ஃபூத்தா தோரோவில், அதாவது இன்றைய செனகல் பகுதியில், நெடுங்காலம் மார்க்கக் கல்வி பயின்ற உமர் இப்னு ஸைத் 1807-இல் அடிமையாகச் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இறக்கப்பட்டார். வட கரோலினாவில் அடிமையாகவே வாழ்ந்த அவர் 1831-இல் தம் வாழ்க்கை வரலாற்றை அரபியில் எழுதினார். அதன் தொடக்கத்தில் அவர் எழுதியது 'ஸூரத்துல் முல்க்'. ஆட்சியும் உடைமையும் யாருக்குரியவை என்று கூறித் தொடங்கும் அத்தியாயத்தை, மனிதன் ஒருவனின் உடைமை எனப் பதிவு செய்யப்பட்டிருந்த ஆலிம் ஒருவர் தேர்ந்ததன் பொருளை விளக்கவும் வேண்டுமோ! அவருடைய எசமானர்களால் அதனைப் படிக்க இயலாது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2017-இல் அப்பிரதியைப் பெற்றது.

ஜார்ஜியா மாநிலத்தின் சபெலோ தீவில் அடிமையாக இருந்த பிலாலி முஹம்மத் விட்டுச்சென்ற அரபுப் பிரதியை நெடுங்காலம் அவருடைய நாட்குறிப்பு என்றே கருதினர். ஆராய்ந்தபோது அது இப்னு அபீ ஸைத் அல்கைரவானீ (மறைவு ஹிஜ்ரி 386) அவர்களின் 'ரிஸாலா' என்னும் மாலிகி மத்ஹபின் பாடநூலிலிருந்து நினைவால் எழுதப்பட்ட பகுதிகள் எனத் தெரியவந்தது. உளூவின் சட்டங்களையும் தொழுகையின் அழைப்பையும் அம்மனிதர் அந்நிய மண்ணில் மறவாது எழுதி வைத்தார். அவருக்கு ஏழு புதல்வியர் என்று அவர் வழிவந்தோர் கூறினர். அவர்களுள் மதீனா, ஃபாத்திமா என்னும் பெயர்களும் உண்டு. 1940-இல் ஜார்ஜியாவில் வெளியான வாய்மொழித் தொகுப்பொன்றில், அக்குடும்பத்துப் பாட்டி ஒருவர் குறித்த நாளில் 'ஸரகா' என்னும் அரிசிப் பலகாரம் செய்து குழந்தைகளுக்குப் பகிர்ந்த செய்தி பதிவாகியுள்ளது. அச்சொல் 'ஸதகா' என்பதன் திரிபென ஆய்வாளர் கருதுவர். தகப்பனாரின் ஏட்டைப் படிக்க இயலாத நிலையிலும் பெண்மக்கள் அதன் ஒரு சொல்லைச் சமையற்கட்டில் காப்பாற்றினர். சகோதரியர் பந்தம் வரலாற்றைச் சுமந்த விதம் இது.

பேயும் புனைவும்: நம் நிலைப்பாடு

இறந்தவரின் ஆன்மா வீடுகளில் உலவும் என்பது நம் அகீதாவுக்கு ஏற்புடையதன்று. மரணத்துக்குப் பின் மறுமை எழுப்புதல் வரை 'பர்ஸக்' எனும் திரை உண்டென்பதை ஸூரத்துல் முஃமினூனின் 100-ஆம் வசனம் அறிவிக்கிறது. அங்ஙனமாயின் இத்தகைய கதைகளைப் படிக்கலாமா என்னும் வினா எழும். ஹரீரீயின் மகாமாத்தை ஓதிக்கொடுக்கும் நாம் இவ்வினாவுக்குப் புதியவர்கள் அல்லோம். நடவாத நிகழ்ச்சிகளை எழுதியதற்காகத் தம்மைக் குறைகூறுவோர்க்கு அவர் தம் முன்னுரையிலேயே விடை தந்திருக்கிறார். விலங்குகளும் உயிரற்றவையும் பேசுவதாக அமைந்த கதைகளை எவரும் பாவமெனக் கருதவில்லை. நோக்கமே அளவுகோல் என்பது அவர் வாதத்தின் சாரம். கோதிக் கதையின் ஆவியையும் 'தம்ஸீல்' எனும் உருவகமாகக் கொள்ளும் பயிற்சியை மாணவியருக்கு அளித்துவிட்டால், அதனை நம்பிக்கையாகக் கொள்ளும் இடர் நீங்கும். தீர்க்கப்படாத உரிமையே இங்கு ஆவியாக உலவுகிறது என்று அவர்கள் உணர்ந்துகொள்வர்.

ஸத்ரும் கித்மானும்

இவ்விலக்கியத்தின் மையக் கேள்வி, குடும்ப இரகசியத்தை மறைப்பதா, வெளிப்படுத்துவதா என்பது. நம் மார்க்கத்தில் இதற்கு நுட்பமான வரையறை உண்டு. ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்னும் கருத்துடைய நபிமொழி பரவலாக அறியப்பட்டது. இது 'ஸத்ர்'. அதே மார்க்கம் சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குள்ளானது என்று ஸூரத்துல் பகராவின் 283-ஆம் வசனத்தில் கண்டிக்கிறது. உங்களுக்கோ, பெற்றோருக்கோ, நெருங்கிய உறவினருக்கோ பாதகமாயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்க வேண்டுமென்று ஸூரத்துந் நிஸாவின் 135-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அதனை மறைப்பது 'கித்மான்'.

இவ்விரண்டையும் பிரித்தறியும் அளவுகோல் எளிது. பிறரெவர்க்கும் தீங்கில்லாத தனிமனிதச் சறுக்கலை மூடுவது ஸத்ர். ஒருவர்க்கு இழைத்த அநீதியை, அவருக்குரிய உரிமை கிட்டாதபடி மூடுவது கித்மான். மாடியறையில் மனைவியை அடைத்தவன் செய்தது இரண்டாவது. சுரங்க வழியில் அடிமைகளை ஒளித்தவர்கள் செய்தது ஒடுக்கப்பட்டோரைக் காத்தல். இரண்டிலும் இரகசியம் உண்டு, தீர்ப்போ வேறு.

திருமணப் பேச்சில் கலந்தாலோசிக்கப்படும்போது உள்ளதை உள்ளபடி கூறுவதைப் புறத்தில் நீக்கப்பட்ட புறம்பேசலாக இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'ரியாளுஸ் ஸாலிஹீனில்' எடுத்துக்காட்டுகின்றனர். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களைப் பெண்கேட்ட இருவரின் நிலையையும் நபி (ஸல்) அவர்கள் வெளிப்படையாகவே உரைத்தார்கள். பின்னர் உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களை மணந்துகொள்ளுமாறு கூறினார்கள். குறைஷிக் குலப் பெண்மணியான அவர் முதலில் தயங்கினார், பின் இசைந்தார், அதில் அல்லாஹ் நன்மையை வைத்தான் என அவரே அறிவித்துள்ளார். உஸாமா யார்? விடுதலை பெற்ற அடிமையின் மகன்; அபிசீனியப் பெண்மணி உம்மு அய்மன் (ரலி) அவர்களின் வயிற்றில் பிறந்தவர்; கரிய நிறத்தவர். தந்தை வெண்ணிறத்தவராயிருந்ததால் அவருடைய வம்சத்தைப் பற்றிச் சிலர் முணுமுணுத்தனர். தந்தையும் மகனும் போர்வைக்குள் உறங்க, வெளியே தெரிந்த பாதங்களைக் கண்ட அங்க அடையாள வல்லுநர் ஒருவர் இவை ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை என்று கூறியபோது, நபி (ஸல்) அவர்கள் முகமலர்ச்சியோடு வீட்டுக்கு வந்து அதனை அறிவித்ததாக ஆயிஷா (ரலி) அறிவிக்கின்றார்கள். நிறம், குடும்ப வதந்தி, திருமணம் ஆகிய மூன்றும் சந்திக்கும் இவ்வரலாற்றில் எதுவும் பூட்டி வைக்கப்படவில்லை. எல்லாம் பகல் வெளிச்சத்தில் தீர்க்கப்பட்டன.

நம் வீட்டு அறைகள்

நம் மரபில் அல்ஜாஹிழ், இப்னுல் ஜவ்ஸீ, ஸுயூத்தீ ஆகிய பேரறிஞர்கள் கறுப்பின மக்களின் சிறப்பை எடுத்துரைத்துத் தனிநூல்களே யாத்துள்ளனர். அத்தகைய நூல்களுக்குத் தேவை எழுந்தது என்பதே முஸ்லிம் சமூகத்திலும் நிற இழிவு நிலவியமைக்குச் சான்று. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பஸராச் சதுப்புநிலங்களில் வதைபட்ட ஸன்ஜ் அடிமைகள் கிளர்ந்தெழுந்து, 869 முதல் 883 வரை அப்பாஸிய அரசை நடுங்கவைத்ததும் வரலாறே. தோழர் ஒருவரைத் தாயின் பெயரால் இழித்த அபூதர் (ரலி) அவர்களிடம், உம்மில் இன்னும் அறியாமைக் காலத்தின் கூறு இருக்கிறது என்று அண்ணலார் கடிந்தார்கள். அக்கடிதலை இன்று நம்மை நோக்கியதாகவும் கொள்ளத்தான் வேண்டும். பெண் பார்க்கப் போகும் இடத்தில் நிறத்தை முதலிற் கேட்கும் வழக்கம் நம்மிடம் ஒழிந்துவிட்டதா? மனநோயுற்ற மகளையோ மகனையோ விருந்தினர் வரும்போது உள்ளறைக்கு அனுப்பும் வீடுகள் இல்லையா? வாரிசுப் பங்கீட்டின்போது சகோதரிகளை 'மனமுவந்து' விட்டுக்கொடுக்கச் செய்துவிட்டு, அதைப் பற்றிப் பேசுவதையே குடும்ப மானக்கேடாக்கும் அண்ணன்மார் இல்லையா?

ஜேன் அயர் தன் விருப்பத்தால் பகிர்ந்தாள். நமக்கோ சகோதரியின் பங்கு ஸூரத்துந் நிஸாவின் இறுதி வசனத்திலேயே விதிக்கப்பட்டிருக்கிறது. தம் சகோதரிகளைப் பற்றிய கவலையோடு நோயிற் கிடந்த ஜாபிர் (ரலி) அவர்களின் நிகழ்வையொட்டி இவ்வசனம் அருளப்பட்டதாக அறிவிப்பு உண்டு. உஹதில் ஷஹீதான தந்தை விட்டுச்சென்ற பெண்மக்களைப் பேணுவதற்கென்றே கன்னிப்பெண்ணை நாடாது, முன்னர் மணமான ஒரு பெண்மணியை மணந்தவர் அவர். அவருடைய அம்முடிவை நபி (ஸல்) அவர்கள் வாழ்த்தினார்கள். இத்தகைய முன்மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு, சகோதரியின் பங்கை விழுங்கிய வீட்டில் நிம்மதியாக உறங்க நமக்கு உரிமை ஏது?

ஆதலின் நம் பெண்மக்கள் இந்நாவல்களைக் கையில் எடுக்கும்போது அவற்றைப் பறிப்பதைவிட, உடனிருந்து மூன்று வினாக்களை எழுப்பச் செய்வது பயன்தரும். இக்கதையில் மறைக்கப்பட்டிருப்பது குறையா, அநீதியா? மறைத்ததனால் நலம் பெற்றவர் யார், நலிந்தவர் யார்? உண்மை வெளிப்பட்டபின் உரியவருக்கு உரியது சென்று சேர்ந்ததா? இவ்வினாக்களுக்கு விடை தேடப் பழகிய பெண், அவற்றை ஒருநாள் தன் வீட்டை நோக்கியும் எழுப்பக்கூடும். அன்று அவளை அதட்டி அடக்காமல் அமர்ந்து விடைகூறும் துணிவு பெற்றோராகிய நமக்கு வேண்டும்.

தாயின் கட்டளைப்படி ஆற்றங்கரையோரம் தொலைவிலிருந்து தம்பியைக் கண்காணித்துச் சென்றார் மூஸா (அலை) அவர்களின் சகோதரி. காக்க வேண்டிய இரகசியத்தை ஃபிர்அவ்னின் ஆட்களிடமிருந்து காத்தார். பேச வேண்டிய தருணத்தில் அரண்மனை வாசலில் நின்று பேசினார். குழந்தை தாயின் மடிக்கே திரும்பியது. எப்போது மறைப்பது, எப்போது உரைப்பது என்னும் அவ்விவேகத்தை நம் பெண்மக்களுக்கும் நமக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக!